மூன்று வோல்ட் சனியன்

கிணற்றுத் தண்ணீரில் மாதக்கணக்கில் முங்கிக் கிடந்த மோட்டாரைக்கூட நான் பிழைக்க வைத்திருக்கிறேன். எலி கடித்த செம்புக் கம்பிக் காயில், இடி விழுந்து கருகிய ஸ்டார்ட்டர், சேறு அப்பி நாறிப்போன சப்மெர்சிபிள் என்று, திண்டுக்கல் பழனி ரோட்டில் இருக்கும் என் வைண்டிங் கடைக்கு வராத கேடு கிடையாது. எல்லாவற்றையும் பிரித்து, காயில் கட்டி, வார்னிஷ் ஊற்றி, ஓடவிட்டுக் காட்டித்தான் அனுப்புவேன். அப்படிப்பட்டவனை இரண்டு பென்சில் செல்லில் ஓடுகிற ஒரு பிளாஸ்டிக் டப்பா படுத்திய பாட்டை நினைத்தால் இன்றைக்கும் வாய் கசக்கிறது. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சரி. ஆனால் சறுக்குவதற்கு ஒரு பாறையாவது வேண்டாமா? வாழைப்பழத் தோலிலா சறுக்குவது?

அந்த டப்பாவின் பெயர் வானிலை நிலையம். ஏதோ பேருந்து நிலையம், ரயில் நிலையம் மாதிரி. ஆளைப் பார்த்தால் மூன்று குழம்புக் கரண்டியைச் சேர்த்துக் கட்டிக் காற்றில் சுற்றவிட்ட கோலம். கரண்டி காற்றை அளக்கும், பக்கத்தில் ஒரு புனல் மழையை அளக்கும். தலையில் பிஸ்கட் அகலத்துக்கு ஒரு சோலார் தகடு. பகலில் தகடு செல்லுக்குச் சார்ஜ் ஏற்ற வேண்டும், ராத்திரியில் செல் டப்பாவை ஓட்ட வேண்டும், ஏற்பாடு அவ்வளவுதான். வயர் கிடையாது. மொட்டை மாடியில் அது அளந்ததை ஹாலில் இருக்கும் ஒரு சின்னத் திரை காற்றிலேயே வாங்கிக்கொள்ளும். திரை அதை வைஃபையில் ஏற்றி உலகத்துக்குச் சொல்லும். உலகம் என்றால் எங்கள் மகள் ஒருத்திதான்.

மகளுக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. கோடை லீவுக்கு வந்தபோது இதை ஒரு அட்டைப்பெட்டியில் கொண்டுவந்து, மாடியில் சும்மா நின்றுகொண்டிருந்த பழைய ஆண்டெனாக் குழாயின் உச்சியில் மாட்டினாள். எதற்கு இந்தக் கூத்து என்று கேட்டேன்.

"எனக்கு அங்க உக்காந்துக்கிட்டே நம்ம வீட்டு மழையப் பாக்கணும்ப்பா. இது ஓடுதுன்னா நீங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கீங்கன்னு எனக்கு ஒரு நிம்மதி."

"நல்லா இருக்கமான்னு தெரியணும்னா ஒரு போன் போட்டுக் கேட்டா ஆகாதாக்கும்?"

"அதான் தெரிஞ்சிருமேப்பா" என்றாள் சிரித்துக்கொண்டே.

தெரிந்துதான் போயிற்று. அதற்கு முன்னால் ஒன்றுவிட்டு ஒருநாள் அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவள், டப்பா மாட்டிய பிறகு வாரத்துக்கு ஒருமுறை, அப்புறம் அதுவும் இல்லை. என் மனைவி சமையல் முடிந்ததும் ஹாலுக்கு வந்து அந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்துகொள்வாள். மடியில் போன் இருக்கும். "இதைத்தான அவளும் பாத்துக்கிட்டு இருப்பா" என்பாள். வெயில் இத்தனை, ஈரம் இத்தனை, காற்று தெற்கே. பெற்ற பிள்ளையின் குரலுக்குப் பதிலாக ஈரப்பத அளவைப் பார்த்துக்கொண்டிருக்கிற அந்தக் காட்சி எனக்குச் சகிக்கவில்லை. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுவிட்டு மகள் பஸ் ஏறிவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

ஆடிக் காற்று ஆரம்பித்த சமயம் அது முதல்முறையாக நின்றது. காலையில் எழுந்து பார்த்தால் திரையில் எண்ணுக்குப் பதில் வெறும் கோடுகள். நான் பல்கூட விளக்கவில்லை, போன் வந்துவிட்டது.

"அப்பா, ஸ்டேஷன் ஆஃப்லைன்னு காட்டுது. என்னாச்சு?"

நான் பதில் சொல்வதற்குள் அடுப்படியிலிருந்து ஓடிவந்து மனைவி போனைப் பிடுங்கிக்கொண்டாள். "ஏடி, சாப்டியா? என்ன வெஞ்சனம் வச்ச? முடி இன்னும் கொட்டுதா?" இட்லித் தட்டு ஆவி அடங்கி ஆறும்வரை பேசினார்கள். கடைசியில் போன் என் கைக்கு வந்தபோது மகள் எனக்குப் பாடம் எடுத்தாள். செல்லைக் கழற்ற வேண்டுமாம், செத்த நேரம் விட வேண்டுமாம், மறுபடி போட வேண்டுமாம். மோட்டார்க்காரனுக்கு வந்த சோதனை.

ஏணி போட்டு ஏறி, டப்பாவின் அடி மூடியைக் கழற்றினேன். உள்ளேயிருந்து கொத்தாக எறும்பு கொட்டியது. செல்லும் ஸ்பிரிங்கும் தெரியாத அளவுக்கு வெள்ளை வெள்ளையாக முட்டை. முழங்கை வழியாகப் பனியனுக்குள் ஏறி, இடுப்பு வரை கடித்துவிட்டது. உதறிக்கொண்டே மேலே பார்த்தால் சோலார் தகட்டில் காக்கை எச்சம், மழைப் புனலுக்குள் ஒரு கோழி எலும்பு. திண்டுக்கல் காக்கைக்குத் தினமும் பிரியாணி. தின்றுவிட்டு எலும்பைப் போட என் வீட்டு வானிலை நிலையம். புளித்த மசாலா வாடையும் எச்ச வாடையும் கலந்து அடித்ததில் அன்றைக்கு நான் காலைச் சாப்பாட்டையே விட்டுவிட்டேன்.

சுத்தம் செய்ததும் ஓடியது. ஓடியதும் போன் நின்றது.

அடுத்தது செல். ராத்திரி முழுக்க ஓடி, விடியப்போகும் நேரத்தில் செத்து, வெயில் ஏறிய பிறகு தானே பிழைத்துக்கொள்ளும். இதற்கு மீட்டரே வேண்டாம், செல் சார்ஜைத் தாங்கவில்லை என்று கேட்ட மாத்திரத்தில் சொல்லிவிடலாம். பஜாரில் ஒரு கடையில் சார்ஜ் ஏறுகிற செல் கேட்டேன். கடைக்காரர் ஒரு ஜோடியை எடுத்து வைத்தார். கையில் எடுத்தால் தக்கை மாதிரி இருந்தது.

"ஏறுமா இது?"

"ஏறும்ணே. இப்ப எல்லாம் இதான் ஓடுது."

ஏறியது, ஆவணி வரைக்கும். அதற்குப் பிறகு திறந்தால் இரண்டும் கக்கியிருந்தன. வெள்ளையாக உப்புப் பூத்து, ஸ்பிரிங்கில் பச்சை படர்ந்து, குழந்தையின் மூக்குச் சளி காய்ந்த மாதிரி. சாதாரணச் செல்லுக்கு மேலே வேறு தாளைச் சுற்றி விற்றிருக்கிறான். பொய் சொல்லி விற்பதில்கூட ஒரு சுத்தம் வேண்டாமா? நாலு பேரை ஏமாற்றிப் பிழைக்கிறவன் அந்தத் தாளையாவது நேராக ஒட்டக்கூடாதா? செல்லைக் கீழே எறியப் போனேன். மனைவி, "வத்தலோட வெயில்ல வைங்க, கொஞ்சம் உசுரு வரும்" என்றாள். எங்கள் தெருவில் செத்த செல்லை யாரும் எடுத்த எடுப்பில் புதைப்பதில்லை. வெயிலில் வைப்பார்கள், உள்ளங்கையில் உருட்டுவார்கள், பல்லால் கடிப்பார்கள், கடிகாரத்தில் இருந்ததை ரிமோட்டுக்கும் ரிமோட்டில் இருந்ததைக் கடிகாரத்துக்கும் மாற்றுவார்கள். என் வீட்டிலேயே இது நடக்கிறது என்று கடையில் நான் வெளியே சொன்னதில்லை.

டப்பாவைக் கழற்றிக் கடைக்கே கொண்டுபோய், எலுமிச்சம்பழம் தொட்டு பல் பிரஷால் ஸ்பிரிங்கைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு விவசாயி பெஞ்சில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மோட்டார் பிரித்த மேனிக்குத் தரையில் கிடந்தது.

"ஏனுங்க, வெண்டையெல்லாம் வாடுதுங்க. நம்ம மோட்டாரு எப்பங்க ஆகும்?"

"நாளைக்குத் தந்துர்றேன்."

"அது என்னங்க கையில? பொம்மைங்களா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வது? நல்ல செல்லாக மகளே அனுப்பிவைத்தாள். போட்டேன், ஓடியது. போன் நின்றது.

ஆயுத பூஜை வந்தது. கடையில் லேத்திலிருந்து உட்காரும் ஸ்டூல் வரைக்கும் நானே சந்தனம் குங்குமம் வைத்தேன். வீட்டுப் பொறுப்பு மனைவிக்கு. கிரைண்டர், பிரிட்ஜ், என் பைக், அரிவாள்மணை, தண்ணி மோட்டார் எல்லாவற்றுக்கும் வைத்துவிட்டு, சந்தனக் கிண்ணத்தோடு மாடிக்கும் போயிருக்கிறாள். நம் வீட்டில் உழைக்கிற எதையும் அன்றைக்கு விட்டுவிடக் கூடாது. அது சரிதான், நான் குறை சொல்லவில்லை. அடுத்த வாரம் திரையில் மறுபடியும் கோடுகள், மறுபடியும் மகள்.

இந்தமுறை எறும்பு இல்லை, கக்கல் இல்லை. செல்லை மீட்டரில் வைத்தால் மூன்று வோல்ட் வர வேண்டிய இடத்தில் இரண்டைத் தொடுவதற்கே மூச்சு வாங்கியது. தகட்டின் வயரில் வைத்தால், உச்சி வெயிலில் கிட்டத்தட்ட ஒன்றுமே வரவில்லை. தகடு போய்விட்டது என்று முடிவுகட்டி, திட்டிக்கொண்டே கையால் தடவினேன். நகத்தில் மஞ்சளாக உரிந்து வந்தது. தகட்டின் நட்டநடுவில் காய்ந்துபோன சந்தனம், அதன் மேல் குங்குமம்.

மகள் போனில் விழுந்து விழுந்து சிரித்தாள். மாடிக்கு ஏறி வந்திருந்த மனைவிக்கும் அவளுக்கும் சேர்த்து விளக்கினேன். அந்தத் தகட்டுக்குள் சின்னச் சின்னத் துண்டுகளைச் சரமாகக் கோத்திருக்கிறார்கள். திருவிழா சீரியல் லைட் மாதிரி, ஒன்று அணைந்தால் சரம் முழுக்க அணைந்துவிடும். தகடு முழுவதையும் மூட வேண்டியதில்லை.

"இம்புட்டூண்டு பொட்டுக்கா நின்னுபோச்சு?" என்றாள் மனைவி.

"அம்புட்டுத்தான் அதோட வீரம்."

அவள் போனை வாங்கிக்கொண்டு கட்டைச் சுவர் ஓரமாகப் போய் உட்கார்ந்து, மகள் புதிதாக வாங்கிய மிக்சியைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை தகட்டில் மறுபடியும் பொட்டு.

"ஏய், அன்னைக்குத்தான சொன்னேன்?"

"வெள்ளிக்கெழம பொட்டு வைக்காம இருக்கலாமாங்க? நிலைக்கு வைக்கிறேன், அடுப்புக்கு வைக்கிறேன், அது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?"

"அப்ப கம்பத்துல வையி."

"ஆகட்டும்."

ஆகவில்லை. அதற்கு அடுத்த வெள்ளி, பொட்டு இன்னும் கொஞ்சம் பெரிசு. டப்பாவுக்கு எவ்வளவோ உடம்பு இருக்கிறது. கம்பம் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிறது. பொட்டு மட்டும் மாறாமல் தகட்டின் நடுவில். குட்டையான பெண் அவள், தண்ணீர்த் தொட்டியின் மேடையில் ஏறி எக்கி நின்றால்தான் அங்கே கை எட்டும். நான் நனைந்த துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. மின்சாரம் எங்கே அறுகிறது என்று தேடித் தேடிப் பிழைப்பு நடத்துகிறவனுக்கு, சொந்த வீட்டில் இது உறைக்க இத்தனை வெள்ளிக்கிழமை ஆகியிருக்கிறது.

கோபம்தான் வந்தது. முதலில் அவள் மேல். சாமி பேரைச் சொல்லி ஒரு மிஷினின் கண்ணைக் கட்டுகிறாளே என்று. படி இறங்குவதற்குள் அது மகள் பக்கம் திரும்பிவிட்டது. ஒரு டப்பா செத்தால் அடித்துப் பிடித்துக்கொண்டு கூப்பிடுகிறவள், அது உயிரோடு இருக்கும்போது ஆத்தாள் ஒருத்தி இருக்கிறாள் என்பதையே மறந்துவிடுகிறாளே. என்ன பிறவி இதெல்லாம்? படித்துக் கிழித்த லட்சணம் இதுதானா? ஆனால் நான் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைப் பொட்டை உடனே துடைப்பதை விட்டேன். ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம், திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளினேன். மகள் கேட்டால், "மழை மூட்டம்த்தா, வெயிலே இல்லை, சார்ஜ் எப்படி ஏறும்?" என்பேன். வாயில் வந்த பொய்தான். அந்த வாரங்களில் வீட்டில் பேச்சுக் குரல் இருந்தது. என் மனைவி ரசத்துக்கு உப்புப் போட மறக்காமல் இருந்தாள்.

கார்த்திகையில் நல்ல வெயில் அடித்த ஒரு நாள், மகள் வீடியோவில் வந்தாள். "மழை மூட்டம்னீங்க, வெயில் கண்ணைக் கூசுதே? மாடிக்குப் போங்கப்பா, கேமராவத் திருப்பி அந்த பேனலைக் காட்டுங்க."

மனைவியும் கூடவே ஏறி வந்தாள். நான் வேண்டுமென்றே கம்பத்தைக் காட்டினேன், கரண்டியைக் காட்டினேன், தூரத்தில் மலைக்கோட்டையைக் காட்டினேன்.

"பேனலக் காட்டுங்கப்பா."

காட்டினேன். சந்தனம் அப்படியே ஒரு வில்லையாகக் காய்ந்து வெடித்திருந்தது.

"மறுபடியுமா!" என்று சிரித்தாள். "அம்மா, ஒனக்கு எத்தனை தடவ சொல்றது? கம்பத்துல வைம்மா."

மனைவி போனைப் பார்க்கவில்லை. கொடியில் கிடந்த துண்டை எடுத்து மடித்துக்கொண்டே, "கம்பத்துல வச்சா நீ கூப்பிட மாட்டியே" என்றாள்.

படம் உறைந்துவிட்டது, வைஃபை எட்டவில்லை என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, மகள் வாயைக் கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுதாள். இவளும் அழுதாள். நான் போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றேன். "சாரிம்மா, இனிமே தெனமும் கூப்பிடுறேன், சத்தியமா" என்றாள் மகள். அன்றைக்கு எனக்கும் நெஞ்சு இளகிவிட்டது, பொய் சொல்வானேன். சந்தனத்தைச் சுத்தமாகக் கழுவி, துணியால் துடைத்து, தகட்டைப் பளபளவென்று ஆக்கினேன். அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து பொட்டு கம்பத்துக்குப் போய்விட்டது.

சொன்ன சொல் தவறவில்லை மகள். தினமும் கூப்பிட்டாள். டிவியில் ராத்திரிச் செய்தி தொடங்கும் இசை வரும், போன் மணி அடிக்கும். முதல் சில நாள் இருவரும் மாற்றி மாற்றிச் சிரித்துக்கொண்டார்கள். அப்புறம் அது ஒரு வரிசைக்கு வந்துவிட்டது. "சாப்டியாம்மா? மாத்திரை போட்டியா? அப்பா எங்க?" மூன்று கேள்வி. பின்னால் டக் டக் என்று கீபோர்டு தட்டுகிற சத்தம். இவள் "என்ன வெஞ்சனம்டி" என்று வாயெடுப்பதற்குள், "சரிம்மா, நாளைக்குப் பேசுறேன்" என்று வைத்துவிடுவாள். ஒருநாள் பேச்சுக்கு நடுவிலேயே அந்தப் பக்கம் போனில் ஏதோ கிணுகிணுத்தது. "அது ஒண்ணுமில்லம்மா, ஒனக்குக் கூப்பிடணும்னு வச்ச அலாரம். இன்னைக்கு நானே முந்திக்கிட்டேன்" என்றாள், பெருமையாக.

என் மனைவி சிரித்தாள். போனை வைத்த பிறகு, "பாலுக்கு அலாரம் வைப்பாங்க, குக்கருக்கு விசில் எண்ணுவாங்க" என்று மட்டும் சொன்னாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்குப் போனைப் பிடுங்கி நாலு கேள்வி கேட்டிருப்பேன். அவள் விடவில்லை. கேட்டால் இதுவும் போய்விடும் என்று பயந்தாள். மகள் கெட்டவள் இல்லை என்பதுதான் இதில் எனக்குத் தாங்காத எரிச்சல். கெட்டவளாக இருந்தால் திட்டித் தொலைத்துவிடலாம். இவள் கடமை தவறாதவள், வேளாவேளைக்கு மருந்து ஊற்றுகிற நர்ஸ் மாதிரி.

மார்கழிக் கடைசியில் டப்பா தானாகவே நின்றது. யாரும் ஒன்றும் செய்யவில்லை. தகடு சுத்தமாக இருந்தது, எறும்பு இல்லை. சார்ஜ் ஏற்றி ஏற்றிச் செல் நியாயமாகவே தேய்ந்து, அதன் காலம் முடிந்துபோயிருந்தது. காலையில் திரையில் கோடுகளைப் பார்த்ததும் மனைவி முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். போனை இடுப்பில் செருகிக்கொண்டு வேலை செய்தாள். குளிக்கப் போகும்போது என் கையில் கொடுத்து, "வந்தா எடுங்க" என்றாள்.

வரவில்லை. ராத்திரிச் செய்திக்குத்தான் வந்தது. சாப்டியாம்மா, மாத்திரை போட்டியா, அப்பா எங்க. மறுநாளும் அதேதான். டப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அது நின்றதே அவளுக்குத் தெரியவில்லை.

தை பிறந்ததும் காலம் தப்பி ஒரு மழை பெய்தது. பகல் முழுக்கக் கொட்டி, தெருச் சாக்கடை பொங்கி, எங்கள் வாசல்படி வரைக்கும் கறுப்புத் தண்ணீரில் குப்பை மிதந்து வந்தது. நான் விளக்குமாற்றை வைத்துத் தள்ளிக்கொண்டிருந்தேன். நாற்றம் வீட்டுக்குள் போகக்கூடாது என்று கதவைச் சாத்தியிருந்தும், உள்ளே ஸ்பீக்கரில் மகள் பேசுவது கேட்டது. மூன்று கேள்வியும் முடிந்தன.

"இங்க நல்ல மழைடி இன்னைக்கு" என்றாள் இவள்.

"அப்டியா? சரிம்மா, நனையாம இருங்க. வைக்கிறேன்."

நம்ம வீட்டு மழையைப் பார்க்க வேண்டும் என்றுதான் அந்தச் சனியனையே அவள் கொண்டுவந்து மாட்டினாள்.

மறுநாள் என் வைண்டிங் கடையைத் திறக்காமல், நல்ல செல்லாக ஒரு ஜோடி வாங்கிவந்து, மீட்டரை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறினேன். எனக்கு நின்றுபோன எதையும் நின்றபடி பார்த்துக்கொண்டிருக்க முடியாது, தொழில் அப்படி. மூடியைக் கழற்றி, பழைய செல்லை எடுத்துவிட்டு, புதுசை அளந்தேன். குறையே சொல்ல முடியாது, மூன்று வோல்ட். உள்ளே போடப் போனபோது மனைவி படியேறி வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"போடாதீங்க."

"ஏன்? நல்ல செல்லு, ரொம்ப நாளைக்கு ஓடும்."

"ஓடுச்சுன்னா, அவ பாத்துக்கிட்டு இருக்காளோன்னு எனக்கு மறுபடியும் தோணும்ங்க."

நான் மீட்டரை அணைத்தேன். அவள் மூடியை என் கையிலிருந்து வாங்கி, வெறும் டப்பாவின் அடியில் வைத்து, ஸ்குரூவை நீட்டினாள். நான் முடுக்கினேன்.